சித்திர ரீச்சர் பதில்கள்: பேய் வடிவத்து அம்மையும் முதுகு காட்டிய பெண்களும்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எந்தக் காலத்துக் கலை உங்களுக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும்? முப்பத்திரண்டு வருடம் கொழும்பில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தேன். வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ரீச்சருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தால் பிள்ளைகளும் அதையே எழுதிவிடுவார்கள். இப்போது ஓய்வில் இருக்கிறேன், மனம்விட்டுச் சொல்லலாம்.

கே: நழுவாமல் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் ரீச்சர். உலகத்துக் கலை எல்லாவற்றிலும் உங்களுக்கு மிகவும் பிடித்த காலம் எது?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

ப: பொலன்னறுவை வெண்கலங்களின் காலம். அவற்றிலும் ஒன்றைச் சொல்லச் சொன்னால், காரைக்கால் அம்மையார்.

சோழர் பொலன்னறுவையை ஆண்டது ஏறக்குறைய 993 முதல் 1070 வரை. ஊருக்கு ஜனநாத மங்கலம் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் போன பிறகும் சிவன் கோயில்கள் அங்கே நிலைத்திருந்தன. 1907, 1908 அளவில், பெல் தொல்லியல் ஆணையாளராக இருந்தபோது, அந்த இடிபாடுகளைத் தோண்டியதில் நடராசர், பார்வதி, நாயன்மார் என்று மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். நம்முடைய ஆனந்த குமாரசுவாமி, இங்கே கொழும்பில் பிறந்தவர், 1914 இல் இந்த வெண்கலங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இவை தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவையா, இங்கேயே வார்த்தவையா என்று அறிஞர்கள் நெடுநாள் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை குறைவு. கொழும்பு நூதனசாலையில் அவற்றின் முன்னால் நிற்கும்போது அது நினைவுக்கே வருவதில்லை.

அந்தக் காலத்துச் சிற்பிக்கு அழகான உடலை வடிப்பது கைப்பழக்கம். பார்வதியின் தோள் எப்படி இறங்கவேண்டும், இடை எங்கே ஒடுங்கவேண்டும், விரல் எப்படி மடங்கவேண்டும் என்பதெல்லாம் தாத்தா காலத்திலிருந்து அளவாக வந்தவை. முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் வண்டல் மண் பூச்சு, பூச்சுக்குமேல் பூச்சு. பிறகு சூடுகாட்டி மெழுகை உருக்கி ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். பிழைத்தால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்கவேண்டும்.

அப்படிப்பட்ட கை, அழகெல்லாம் அறிந்த கை, ஒரு கிழவியை வார்க்க உட்காருகிறது. அம்மையார் தன் இளமையை உதறிவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கியவர். மார்பு வற்றி, நரம்பு எழுந்து, வயிறு குழிந்த பேயைத் திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவரே பாடியிருக்கிறார். சிற்பி அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவனாகத்தான் இருக்கவேண்டும். விலா எலும்பு தெரிகிறது, மார்பு தொங்குகிறது, கையில் தாளம். அந்த முகத்தில் இருப்பதைப் போன்ற சந்தோஷத்தை அழகான தெய்வங்களின் முகத்தில் நான் பார்த்ததில்லை. பார்வதியின் சிரிப்பு அளவாக வந்த சிரிப்பு. அம்மையாருடையது பாட்டு நடுவில் இருக்கிறவருடைய முகம்.

முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அழகான பார்வதியை வரைவதற்காகக் கொப்பியோடு போயிருந்தேன். வரைந்தது இவரைத்தான். அன்றிலிருந்து எந்த ஓவியத்தின் முன் நின்றாலும் மனதில் எழுவது ஒரு கேள்விதான்: இவருக்குச் செய்யத் தெரிந்திருந்தும், வேண்டாம் என்று விட்டது எது?

கே: லியொனார்டோ, மைக்கலாஞ்சலோ பற்றி நீங்கள் எழுதியதே இல்லை. மறுமலர்ச்சிக் காலம் உங்களுக்குப் பிடிக்காதா?
(வாசகர், தெஹிவளை)

ப: மைக்கலாஞ்சலோ மிகப் பெரியவர் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவருடைய உருவங்களுக்கு முன்னால் என்னால் அழமுடியாது. அவருக்கு இருநூறு வருடம் முந்தியவரான ஜொட்டோவிடம்தான் என் மனம் போகிறது.

இத்தாலியில் பதுவா என்ற ஊரில் ஒரு சிறிய தேவாலயம். 1305 அளவில் ஜொட்டோ அதன் சுவர் முழுவதும் வரைந்தார். அதில் ஒரு சுவரில், சிலுவையிலிருந்து இறக்கிய யேசுவின் உடலைச் சுற்றி அழுகிறார்கள். தாய் மகனுடைய தலையை ஏந்திக்கொண்டு முகத்தோடு முகம் வைத்திருக்கிறாள். மேலே வானத்தில் சிறிய தேவதூதர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கதறுகிறார்கள். ஒரு பாறைச் சரிவு, அதன் உச்சியில் இலையில்லாத ஒரு மரம். படத்தின் முன்பக்கத்தில், நமக்கு மிக அருகில், இரண்டு பேர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாது. போர்த்திய துணியும் குனிந்த தோளும்தான் தெரியும்.

ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது நூலகத்துப் புத்தகமொன்றில் இந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எங்கள் பெரியம்மாவின் செத்த வீடு ஞாபகம் வந்தது. எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் பெண்களின் முதுகுகள்தான். பெரியம்மாவைப் பார்க்க முடியவில்லை. ஒப்பாரி அந்த முதுகுகளுக்கு அப்பாலிருந்து வந்தது. முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் யார் அழுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இதை யாரோ ஒருவர் எழுநூறு வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் கவனித்து, முகம் வரையத் தெரிந்திருந்தும் வரையாமல் விட்டிருக்கிறார்.

பிறகு வந்தவர்களுக்கு உடற்கூறு தெரிந்தது, தூரத்தில் உள்ளதைச் சிறிதாக்கிக் காட்டும் தூரப்பரிமாணம் கணக்காகத் தெரிந்தது. ஜொட்டோவின் கட்டிடங்கள் கணக்குப்படி பார்த்தால் கோணல். பரவாயில்லை.

கே: சிகிரியாவா, அஜந்தாவா?
(வாசகர், வத்தளை)

ப: சிகிரியா. அஜந்தாவில் கதை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கருணை இருக்கிறது. பெரிய உலகம் அது. சிகிரியாவில் மேகத்துக்குமேல் தெரியும் பெண்கள் மட்டும். ஐந்தாம் நூற்றாண்டில், காசியப்பன் காலத்தில், வேகமாகப் போட்ட கோடு அது. ஓரிடத்தில் கையின் நிலையை மாற்றி வரைந்த தடம் இன்னும் தெரிகிறது. அந்தத் திருத்தத்தைப் பார்க்கும்போது ஓவியர் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். 1967 இல் யாரோ அந்த உருவங்கள்மேல் பச்சைப் பெயின்ற் பூசினார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். எங்கள் சித்திர ஆசிரியை அன்றைக்குப் பாடம் எடுக்கவில்லை. பத்திரிகையை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். இத்தாலியிலிருந்து வந்த நிபுணரின் மேற்பார்வையில் பிறகு துப்புரவாக்கினார்கள்.

கே: நான் சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறேன். கண்டிய கால ஓவியம் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது: சிவப்புப் பின்னணி, தட்டையான உருவம், நிழல் இல்லை, தூரப்பரிமாணம் இல்லை. எல்லாம் இல்லை இல்லை என்றே இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காமல் எப்படிப் படிப்பது?
(மாணவன், மட்டக்குளி)

ப: தம்பி, உன்னுடைய கடிதம்தான் இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம். பாடக்குறிப்பு பிழையான பக்கத்திலிருந்து தொடங்குகிறது. இல்லாததைப் பட்டியல் போட்டால் எதுவும் பிடிக்காது.

நீ நாட்டுக்கூத்து பார்த்திருக்கிறாயா? இல்லையென்றால் வீட்டில் பெரியவர்களிடம் கேள். ராசா களரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், அரண்மனை காடாகிவிடும். திரை மாற்றவேண்டியதில்லை. கண்டிய ஓவியரும் அப்படித்தான் கதை சொல்கிறார். கண்டிக்கு அருகே தெகல்தொறுவைக் குகையில், புத்தரின் முற்பிறவிக் கதையான வெஸ்ஸந்தர ஜாதகம் நீண்ட பட்டியாக ஓடுகிறது. ஒரே வெஸ்ஸந்தரன் யானையைத் தானம் செய்கிறான், நாடு நீங்குகிறான், தேரில் போகிறான், பிள்ளைகளைக் கொடுக்கிறான். ஒரே சுவரில் திரும்பத் திரும்ப வருகிறான். நடுவில் ஒரு மரம் நின்றால் காட்சி மாறிவிட்டது என்று அர்த்தம். நிழல் போட்டால் அது ஒரு நேரத்துக்குரிய வெளிச்சமாகிவிடும், கதை ஓடாமல் நின்றுவிடும். தூரத்தைக் காட்டினால் தூரத்தில் உள்ளவர் சிறுத்துவிடுவார். கதையில் அவர் சிறியவர் இல்லையே.

சிவப்பு எங்கிருந்து வந்தது என்றும் பார். சாதிலிங்கம். மஞ்சளுக்குக் கொறுக்காய் இனத்து மரமொன்றின் பால். வெள்ளைக்கு மக்குல் என்ற களிமண். கறுப்புக்கு விளக்குப் புகைக்கரி. கையில் இவ்வளவுதான். இந்த நாலைந்தை வைத்துக்கொண்டு ஒரு குகையை நிறைக்கவேண்டும்.

பரீட்சையில் எழுதத் தேவையில்லை, ஆனால் தெரிந்துகொள்: கண்டிய ஓவியம் புத்துயிர் பெறக் காரணமான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்து அரசன், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம். பட்டி பட்டியாகக் கதை ஓடும் இந்த முறையைத் தமிழ்நாட்டில் நாயக்கர் காலத்துக் கோயில் மண்டபங்களிலும் காணலாம்.

ஒரு போயா அல்லாத நாளில் களனி விகாரைக்குப் போ. மட்டக்குளியிலிருந்து தூரமில்லை. பழைய பகுதியில் கண்டிய பாணிச் சுவர்கள் இருக்கின்றன. புதிய பகுதியில் சோலியஸ் மென்டிஸ் 1930களிலும் 40களிலும் வரைந்த பெரிய ஓவியங்கள், நிழலோடும் உடல் திரட்சியோடும். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து தடவை நட. அதன் பிறகும் கண்டிய ஓவியம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான். எனக்கு எழுது.

கே: அம்மம்மாவின் சாமியறையில் ரவி வர்மாவின் லட்சுமி படம், ஜரிகை ஒட்டியது, எண்பது வருடமாவது இருக்கும். வெளிநாட்டில் கலை படித்துவிட்டு வந்திருக்கும் மகள் அது மலிவான ரசனை, கழற்றுங்கள் என்கிறாள். என்ன செய்வது?
(வாசகி, பம்பலப்பிட்டி)

ப: கழற்றவேண்டாம், தங்கச்சி.

என் அப்பாவுக்குப் புறக்கோட்டையில் படத்துக்குப் பிரேம் போடும் கடை இருந்தது. சாமிப்படங்கள் கட்டுக்கட்டாக வரும். ஜரிகை, பாசிமணி, சிறு கண்ணாடி எல்லாம் ஒட்டும் வேலையை வீட்டில் அம்மாவும் நானும் செய்தோம். லட்சுமியின் சேலைக் கரையில் பசை தடவித் தடவித்தான் நான் தூரிகை பிடிக்கக் கற்றேன். ஆகவே நான் சொல்வதில் பாசம் கலந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கள்.

ரவி வர்மாவின் பாணி எனக்குப் பிடித்த பாணி இல்லை. ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் தெய்வத்துக்குக் கொடுத்தார். நன்றாகவே கொடுத்தார். ஆனால் சோழச் சிற்பிகள் ஒரு கோட்டில் சொன்னதை அவர் கன்னம், கழுத்து, சேலை மடிப்பு என்று முழுவதும் விவரித்துவிடுகிறார். நாம் கற்பனை செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை. இது என் ரசனை.

அந்தப் படம் செய்த வேலையோ வேறு. 1894 இல் பம்பாயில் அவருடைய அச்சகம் தொடங்கியது. நிறத்துக்கு ஒரு கல்லாக, பல கற்களில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள். அதற்கு முன் நல்ல ஓவியம் அரண்மனையிலும் மாளிகையிலும் இருந்தது. கோயிலின் உள்ளே போக விடப்படாத சனங்கள் எத்தனை பேர்! அவர்களுடைய குடிசைச் சுவருக்கு லட்சுமி வந்தது இந்தக் காகிதத்தில்தான். மகள் படித்த புத்தகத்தில் ரசனையைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்திருக்கும். உங்கள் அம்மம்மா அந்தப் படத்தின் முன் எத்தனை விளக்கு ஏற்றினார் என்பதற்கு அதில் இடமிராது. இரண்டையும் மகளோடு இருந்து கதையுங்கள்.

1983 ஜூலையில் அப்பாவின் கடை எரிந்தது. ஒரு படமும் மிஞ்சவில்லை. பிறகு பல வருடம், யார் வீட்டுச் சாமியறைக்குள் போனாலும் அப்பா முதலில் பிரேமின் மூலையைத்தான் பார்ப்பார். தன்னுடைய கைவேலையா என்று.

அவர் சொன்ன வைத்தியத்தை உங்களுக்குச் சொல்கிறேன். பம்பலப்பிட்டியில் கடற்காற்று. படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்கவேண்டாம், அச்சு கண்ணாடியோடு போய்விடும். பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். புது பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓரங்களில் மெல்லிய சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்பக்கத்துக்குப் பழைய பத்திரிகை வேண்டாம், அமிலமில்லாத அட்டை கேளுங்கள். கடல் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள். விளக்குப் புகை படாத உயரத்தில் வையுங்கள்.

கே: தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்குக் கீழே சோழர் ஓவியம் இருக்கிறது. மேலே உள்ளதை அகற்றியது சரியா?
(வாசகர், கொச்சிக்கடை)

ப: 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி இதைக் கண்டு வெளியே சொன்னார். கருவறையைச் சுற்றிய இருண்ட பாதையில், மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில், கீழே இராசராசன் காலத்து நிறம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார், சேரமான் பெருமாள் குதிரையில் கூடப் போகிறார். நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை, பிரதிகளைத்தான் பார்த்திருக்கிறேன். பிரதியிலேயே அந்தக் குதிரையின் பாய்ச்சல் மூச்சை நிறுத்துகிறது.

எனக்குச் சோழர் ஓவியம்தான் உயர்வு. இருந்தாலும் அதற்காக நாயக்கர் கையைச் சுரண்டி எறிய நான் சம்மதிக்கமாட்டேன். பிற்காலத்தில் தொல்லியல் துறையினர் மேல் அடுக்கை முழுதாகப் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்தார்கள். அந்தப் பொறுமைக்குக் கும்பிடு. பிடித்த காலம் என்று ஒன்று இருப்பதற்காக இன்னொரு காலத்தை அழிக்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது.

கே: மோனே போன்றவர்களின் இம்ப்ரெஷனிசம்?
(வாசகி, மருதானை)

ப: ஒரு கணத்து வெளிச்சத்தை நிறத்தில் பிடித்துவைக்கும் அந்த ஓவியம் எனக்குப் பிடிக்கும், ஆனால் மாலையில் மட்டும். நம்முடைய ஊர் மத்தியான வெயில் நிறத்தைத் தின்றுவிடும். ஆறு மணிக்கு வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால் நின்று கடலைப் பாருங்கள், பத்து நிமிடத்தில் எத்தனை தடவை மாறுகிறது என்று. பிரான்சில் ரூவான் என்ற ஊர்த் தேவாலயத்தின் ஒரே முகப்பை மோனே ஏன் முப்பது தடவைக்கும் மேல் வரைந்தார் என்று அப்போது விளங்கும்.

கே: ஒல்லாந்தர் கொழும்பை ஆண்ட காலத்தில்தான் ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் வாழ்ந்தார். அந்த ஓவியத்துக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், நீர்கொழும்பு)

ப: கீழைத்தேசத்துக்கும் அவருக்கும் உண்டு. 1656 மே மாதம் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதே வருடம் அம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் கடனில் மூழ்கினார், வீட்டுச் சாமான்கள் எல்லாம் பட்டியலாகி ஏலத்துக்குப் போயின. ஏறக்குறைய அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? முகலாயச் சிற்றோவியங்களை எதிரே வைத்து, ஆசியாவிலிருந்து வந்த தாளில், மையால் பிரதி செய்தார். இருபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நாலு முதியவர்கள், ஷாஜகான், குதிரைவீரர்.

இருட்டையும் வெளிச்சத்தையும் அவரைப்போல ஆண்டவர் எவருமில்லை. ஐம்பது வயதில், புகழோடும் கடனோடும், பெயர் தெரியாத இந்துஸ்தானத்து ஓவியர்களிடம் மாணவனாக உட்கார்ந்து மெல்லிய கோட்டைக் கற்றுக்கொள்கிறார். ரெம்பிராண்டின் பெரிய எண்ணெய் ஓவியங்களைவிட எனக்கு இந்தச் சிறு தாள்கள்மேல் மரியாதை அதிகம்.

கே: நவீன ஓவியம் எனக்கு ஒட்டவே இல்லை. இலங்கையில் யாரையாவது பார்க்கச் சொல்வீர்களா?
(வாசகர், வெள்ளவத்தை)

ப: நாம் அயலவர்கள், ஆகவே நம் கடலிலிருந்தே தொடங்குகிறேன். 1943 இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் முன்நின்று கொழும்பில் 43 குழு என்ற ஓவியர் குழு உருவானது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ் என்று பல பேர். யாழ்ப்பாணத்தில் சித்திரக் கல்விக்கு உழைத்த எஸ். ஆர். கனகசபையும் அதில் தொடக்க உறுப்பினர். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது.

அவர்களில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஐவன் பீரிஸை. 1950களில் இங்கிலாந்துக்குப் போய் அங்கேயே தங்கி, 1988 இல் அங்கேயே காலமானார். அங்கே இருந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் இலங்கைக் கடற்கரையை வரைந்தார். வெறும் மணல், ஒன்றிரண்டு மரம், அசையாமல் நிற்கும் உருவங்கள், அவர்களுக்குப் பின்னால் தட்டையான கடல். தென்னையும் தோணியும் நிறைந்த சுற்றுலாப் படமல்ல. ஞாபகத்தில் எது மிஞ்சுமோ அதுமட்டும்.

என் தம்பி 84 இல் ரொறன்ரோவுக்குப் போனான். தொலைபேசியில் எங்கள் ஒழுங்கையைப் பற்றிக் கேட்கும்போது, இப்போது இல்லாத ஒரு மதிலைத்தான் கேட்பான். பூவரசு நின்ற மதில். மற்றதெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது. ஐவன் பீரிஸின் படங்களை நான் தம்பியின் கண்ணால் பார்க்கிறேன்.

கறுவாத்தோட்டத்தில் பார்ன்ஸ் பிளேஸில், ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் மன்றமாக இருக்கிறது. 43 குழுவின் படங்கள் அங்கே வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. முதலில் அங்கே போங்கள். புரிகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள்.

கே: எட்டு வயதுப் பேரனை நூதனசாலைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். எந்தக் காலத்திலிருந்து தொடங்குவது?
(அம்மம்மா, கிராண்ட்பாஸ்)

ப: வரிசையாகப் போகவேண்டாம் அக்கா. நேரே நடராசரிடம் போங்கள். பேரனைச் சிலைக்கு எதிரே நிறுத்தி, அதேபோல இடது காலைத் தூக்கிக் குறுக்கே நீட்டி, ஒரு கையையும் அந்தக் காலின் பக்கமாக நீட்டி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்துவரை எண்ணுங்கள். ஆறு ஏழு வருவதற்குள் கால் கீழே வந்துவிடும். வந்தவுடன், சிலையின் வலது முழங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள், அது எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று. பிள்ளை திரும்பவும் நின்று பார்ப்பான், இந்தமுறை முழங்காலை மடக்கிக்கொண்டு.

அன்றைக்கு அவ்வளவும் போதும். வெளியே விகாரமகாதேவிப் பூங்காவில் ஓடவிடுங்கள். அம்மையாரை அடுத்த தடவை காட்டலாம்.